வைதாரையும் வெறாத வடலூர் வள்ளலார்

தைப்பூசத் திருநாளில் பத்துமலையிலும் பினாங்குத் தண்ணீர்மலையிலும் சிங்கப்பூர் தெண்டாயுதபாணி ஆலயத்திலும் காவடிகள் அசைந்தாடிச் செல்லும் அதே நாளில், தமிழகத்தின் வடலூரில் வேறு விதமான வழிபாடு நடைபெறுகிறது. அங்கே எண்கோண வடிவில் அமைந்த சத்திய ஞான சபையில் ஏழு வண்ணத் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலக, அவற்றுக்கு அப்பால் ஒளிரும் சோதியை அன்பர்கள் கண்டு வணங்குகின்றனர். 1872-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் தைப்பூசத்தன்று இவ்வழிபாட்டைத் தொடங்கி வைத்தவர், திருவருட்பிரகாச வள்ளலார் எனப் போற்றப்படும் இராமலிங்க அடிகளார்.

வாடிய பயிருக்கும் இரங்கிய அருளாளர் என்று அடிகளாரை நம் மக்கள் நன்கு அறிவர். பயிருக்கு இரங்குவது ஒரு வகையில் எளிது. பயிர் எவரையும் ஏசுவதில்லை. தம்மைப் பொறுக்க மாட்டாதவர்களை அடிகளார் எவ்வாறு பொறுத்தார் என்பதே அவர் வரலாற்றில் கடினமான பகுதி. அதனை விழா மேடைகளில் விரித்துரைப்போர் குறைவு. எதிர்த்து நின்றவரும் நாம் கைகூப்பி வணங்கும் பெரியவராக இருப்பதே அதற்குக் காரணம் போலும்.

சிதம்பரத்திற்கு அருகிலுள்ள மருதூரில், 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மை அம்மையாருக்கும் ஐந்தாம் மகவாகத் தோன்றினார் அடிகளார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பின்னர்க் குடும்பம் சென்னையில் குடியேறியது. மூத்த தமையனார் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவால் குடும்பத்தைத் தாங்கி வந்தார். தம்பியும் படித்துத் தம்மைப் போல் ஒரு நிலைக்கு வரவேண்டும் என்பது அவர் விருப்பம். தம்பியோ பள்ளியை விடுத்துக் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியில் நின்றார். தமையனார் சினங்கொண்டு, வீட்டில் அவனுக்குச் சோறிடலாகாது என்று கட்டளையிட்டார் என்றும், அண்ணியார் கணவர் அறியாதவாறு கொல்லைப்புறத்து வழியே அழைத்துச் சோறிட்டு வந்தார் என்றும் அடிகளாரின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். தந்தையாரின் திதி நாளில் வீடு முழுவதும் விருந்துண்ண, இப்பிள்ளை மட்டும் புறக்கடையில் நின்றதைக் கண்டு அவ்வம்மையார் கண்ணீர் விட்டதாகவும் சொல்வதுண்டு.

மாறுபட்டு நடந்தவனுக்குச் சோற்றை மறுப்பது என்னும் தண்டனையை அடிகளார் இளமையிலேயே சுவைத்தவர் என்பதை இங்கே கருதலாம். இக்கதை பின்னர் நடந்தவற்றோடு நன்கு பொருந்துகிறது.

கந்தகோட்டத்தில் தெய்வமணிமாலை பாடிய அடிகளார், பின்னர்த் திருவொற்றியூர்த் தியாகேசரையும் வடிவுடையம்மையையும் நாள்தோறும் சென்று வழிபட்டார். அக்காலத்துப் பாடல்களில் அவர் அழுத்தமான சைவர். சைவ சமயத்தின்மீது தமக்கு எத்துணைப் பற்று இருந்தது என்பதைப் பிற்காலத்தில் அவரே எடுத்துரைத்திருக்கிறார். மனிதரை மனிதரினின்றும் பிரிக்கும் சமயப் பற்று எப்படிப்பட்டது என்பது அவருக்கு வெளியிலிருந்து கேட்ட செய்தி அன்று. தம் உள்ளத்திலேயே கண்டது.

1858-ஆம் ஆண்டில் சென்னையை விட்டு நீங்கிய அடிகளார், தில்லையை வழிபட்டு வடலூரை அடுத்த கருங்குழியில் தங்கினார். 1865-இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்த 80 காணி நிலத்தில் எழுந்த சாலை அது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாது எரிந்து வருகிறது. பசியோடு வருபவரிடம் நாடு எது, சமயம் எது, குலம் எது, நடத்தை எத்தகையது என்று எதையும் வினவாமல் உணவிட வேண்டும் என்பது அடிகளாரின் கட்டளை. நாடு, சமயம், குலம் ஆகிய மூன்றையும் கருதாமல் உணவிடும் அறச்சாலைகள் வேறு பலவும் உண்டு. நடத்தையையும் கேட்கலாகாது என்று சொன்னதில்தான் அடிகளாரின் தனித்தன்மை விளங்குகிறது. வந்தவன் நல்லவனா, நம்மை ஏசியவனா என்னும் கேள்விக்கும் அந்த வாயிலில் இடமில்லை.

பாடல்கள் அச்சேறிய கதை

தருமச்சாலை தோன்றிய அதே 1867-ஆம் ஆண்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. அடிகளாரின் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரோடு, நான்கு திருமுறைகளாக வகுக்கப்பெற்று, சென்னையில் நூலாக வெளிவந்தன. அடிகளார் இவ்வெளியீட்டை விரும்பி நாடியவர் அல்லர். பாடல்கள் கைக்கு வரும்வரை நாளைக்கு ஒரு வேளை உணவே கொள்வதென்று இறுக்கம் இரத்தின முதலியார் நோன்பு பூண்டமை கேட்டு, மனம் பொறாமல்தான் இசைந்தார். அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. தம் பெயரோடு சாமி என்னும் அடைமொழி சேர்ப்பது ஆரவாரமாகத் தோன்றுகிறது; தமக்கு அதில் உடன்பாடு இல்லை என்று ஒரு கடிதத்தில் தெரிவித்துள்ளார். கையெழுத்திடும்போது சிதம்பரம் இராமலிங்கம் என்றே இட்டார். திருவருட்பா என்னும் நூற்பெயரும், திருமுறை என்னும் பகுப்பும், திருவருட்பிரகாச வள்ளலார் என்னும் சிறப்புப் பெயரும் தலைமாணாக்கராகிய தொழுவூர் வேலாயுத முதலியார் அன்பின் மிகுதியால் அமைத்தவை.

அந்த அன்பின் மிகுதிதான் பெரும் புயலைக் கிளப்பிற்று.

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் பிறந்தவர் ஆறுமுக நாவலர். அடிகளாரினும் பத்து மாதங்கூட மூத்தவர் அல்லர். கிறிஸ்தவப் பாதிரிமாரின் பள்ளிகள் யாழ்ப்பாணத்தை நிறைத்திருந்த காலத்தில், 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பாட நூல்களைத் தாமே எழுதி அச்சிட்டு, திருமணத்தையும் துறந்து சைவத்திற்கென்றே வாழ்ந்த பெருந்தகை. 1864-இல் சிதம்பரத்திலும் பாடசாலை அமைத்தார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசுவாமி ஆலயம், சிங்கப்பூர்ச் செண்பக விநாயகர் ஆலயம் முதலியவற்றைப் பேணி வளர்த்த யாழ்ப்பாணச் சைவர்கள் சைவத்தை நாவலரின் நூல்கள் வழியாகவே கற்றனர்.

அத்தகைய நாவலர், அருட்பா என்னும் பெயர் தேவார திருவாசகம் முதலிய திருமுறைகளுக்கே உரியது என்று கருதினார். உயிருடன் வாழும் ஒருவரின் பாடலுக்கு அப்பெயரைச் சூட்டுவது சைவத்தின் வரம்பை உடைக்கும் செயல் என அவருக்குப் பட்டது. வெளியிலிருந்து பாதிரிமார் ஒரு மதிலை இடித்துக் கொண்டிருக்க, உள்ளிருப்பவரே மற்றொரு மதிலில் வாயில் திறப்பது போலத் தோன்றிற்று. இந்த அச்சத்தை நாம் எளிதில் தள்ளிவிடுதல் முறையன்று. ஆயினும் அச்சம் வழக்காக வெளிப்பட்டபோது நடை கடுமையாயிற்று. 1869-இல் நாவலர் தரப்பிலிருந்து போலியருட்பா மறுப்பு என்னும் சிறு நூல் வெளிவந்தது. பாடல்களோடு நில்லாமல் பாடியவரையும் அது தாக்கிற்று.

அடிகளாரின் அன்பர்களும் வாளாவிருக்கவில்லை. மறுப்புக்கு மறுப்பு அச்சாயிற்று. அதற்கும் மறுப்பு எழுந்தது. இருதரப்புக் கண்டனங்களையும் பிற்காலத்தார் தேடித் தொகுத்தபோது அது ஒரு பெருந்தொகுதி ஆயிற்று. அதனைப் புரட்டுவோர், கற்றறிந்த சைவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு இழிவாக எழுத இயலும் என்பதைக் கண்டு வருந்துவர். அருளின் பெயரால் எழுந்த அன்பர்களும் வசையில் பின்தங்கினர் அல்லர் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தக் கண்டனக் குவியலில் ஒருவருடைய கைவண்ணம் மட்டும் இல்லை. நாவலரை மறுத்து அடிகளார் பெயரில் ஒரு நூலும் கிடையாது. அவர் வாதாடத் தெரியாதவர் என்று எண்ணிவிடலாகாது. கடலூரில் பிரம்ம சமாஜத்தைச் சார்ந்த ஸ்ரீதர சுவாமி நாயக்கர் உருவ வழிபாட்டைக் கண்டித்தபோது, அவரோடு வெளிப்படையாக வாதிட்டு உருவ வழிபாட்டின் தேவையை நிலைநாட்டியவர் அடிகளார். கொள்கை கேட்கப்பட்ட இடத்தில் அவர் வாய் திறந்தார். தம் பெயரும் பெருமையும் கேட்கப்பட்ட இடத்தில் நூல் எழுத முற்படவில்லை. சாமி என்ற பட்டத்தையே ஆரவாரம் என்று ஒதுக்கியவர், அப்பட்டத்தைக் காக்கப் போர் தொடுப்பாரா?

மஞ்சக்குப்பம் வழக்கு

1869-ஆம் ஆண்டில் பகை நீதிமன்றப் படியேறிற்று. சிதம்பரத்துத் தீட்சிதர்களுக்கும் நாவலருக்கும் முன்னரே பிணக்கு இருந்தது. தில்லைக் கோயிலில் நாவலருக்கு எதிராக ஒரு கூட்டம் கூடிற்று. அதில் தீட்சிதர்களோடு அடிகளாரும் இருந்து தம்மை இழித்துப் பேசினார் என்று கூறி, கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் நாவலர் வழக்குத் தொடுத்தார்.

வழக்கு நாளன்று நடந்ததைச் சன்மார்க்க அன்பர்கள் வழிவழியாக ஒரு காட்சியாகச் சொல்லி வருகின்றனர். வெள்ளாடை போர்த்து அடிகளார் உள்ளே நுழைய, இருந்தவர் அனைவரும் தம்மை அறியாது எழுந்தனராம். வழக்குத் தொடுத்த நாவலரும் எழுந்தனராம். அடிகளார் கரங்குவித்து அனைவரையும் வணங்கினாராம். நாவலர் மரபினர் இதனை ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் கூறும் வரலாறு வேறு. இருதரப்பாரும் உடன்படும் செய்தி ஒன்றே: அடிகளார் மீது சாட்டப்பட்ட குற்றம் நிலைபெறவில்லை, அவர் தண்டனையின்றி வடலூர் திரும்பினார்.

நீதிமன்றத்தில் யார் எழுந்தார், யார் இருந்தார் என்பதைவிட, திரும்பிய பின்னர் அடிகளார் என்ன செய்தார் என்பதே நமக்கு மிகுந்த பயன் தருவது. வழக்கிலிருந்து விடுபட்டவர் வெற்றி விழாக் கொண்டாடுவதும், எதிரியின்மீது எதிர்வழக்குத் தொடுப்பதும் அன்றும் உலக வழக்கமே. கோயில் நிருவாகத்தில் பழகியவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அடிகளார் எதிர்வழக்கை நாடவில்லை. 1870-இல் வடலூருக்குத் தெற்கேயுள்ள மேட்டுக்குப்பம் என்னும் சிற்றூருக்குச் சென்று, பின்னர்ச் சித்தி வளாகம் எனப் பெயர் பெற்ற இல்லத்தில் தங்கினார். தருமச்சாலையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஞான சபைக்கான திட்டம் உருவாயிற்று. இரண்டே ஆண்டுகளில் தைப்பூசத் திரை விலகிற்று.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். அடிகளாரின் பொறுமை, எல்லாம் ஒன்றே, எதுவும் ஆகலாம் என்னும் தளர்ந்த நிலையிலிருந்து பிறந்தது அன்று. அவருக்கு இம்மியும் விட்டுக்கொடாத கொள்கைகள் இருந்தன. உயிர்க்கொலையும் புலால் உணவும் தவிர்த்தவரே ஞான சபையின் உள்ளே புகலாம் என்று விதித்தார். அவற்றைத் தவிர்க்காதவர்கள் வெளியே நின்று வழிபட வேண்டியவர்களே. இதனை இன்று கேட்பவருக்கு, சமரசம் பேசியவரே வாயிலில் தடை வைத்தாரே என்று தோன்றலாம். வியப்பு நியாயமானதே.

அதற்கு விடையைச் சபையில் தேடுவதைவிட, அதற்கு அருகிலேயே உள்ள தருமச்சாலையில் தேட வேண்டும். கொலையும் புலாலும் தவிர்த்தவர்களை அக இனத்தார் என்றும், தவிர்க்காதவர்களைப் புற இனத்தார் என்றும் அடிகளார் பிரித்தார். புற இனத்தாரோடு கொள்கை உறவு கொள்ளலாகாது என்று கண்டிப்பாகச் சொன்ன அதே மூச்சில், அவர்கள் பசித்து வந்தால் அந்தப் பசியை நீக்கியே தீர வேண்டும் என்றும் விதித்தார். சபையின் உள்வாயில் சிலருக்கு அடைபட்டது. சாலையின் வாயில் எவருக்கும் அடைபடவில்லை. தம் உயிர்க் கொள்கையையே மறுப்பவன் எதிரே வந்து நின்றாலும், அவனுக்கு இலை போட்ட பின்னரே மற்றப் பேச்சு. புலால் உண்பவருக்கே இந்த விதி என்றால், நூற்பெயரைக் குறித்துச் சண்டையிட்ட ஒரு சைவருக்கு அங்கே இலை இல்லாமற் போகுமா?

கொள்கையில் அடைக்க வேண்டிய கதவு எது, எந்நிலையிலும் அடைக்கலாகாத கதவு எது என்று பிரித்தறிந்ததே அடிகளாரின் நுட்பம். மனிதர் பலரும் இவ்விரண்டையும் மாற்றிச் செய்வர். கொள்கையில் காற்றுப்போல் நெகிழ்ந்து, தம்மை ஏசியவனுக்குத் தண்ணீரும் மறுப்பர்.

1873-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றி அடிகளார் நீண்டதோர் உரை நிகழ்த்தினார். பேருபதேசம் என்று அன்பர்கள் போற்றும் அவ்வுரையில், தாம் முன்பு சைவ சமயத்தில் வைத்திருந்த பற்று அளவிறந்தது என்றும், அந்தப் பற்று இப்போது தம்மை விட்டு நீங்கிற்று என்றும் வெளிப்படையாக எடுத்துரைத்தார். சமயப் பற்றினால் தம்மை எதிர்த்தவர்களைப் பழித்து உரையாற்ற அதுவே தக்க தருணம். நான்கே ஆண்டுகளுக்கு முன்னர்தான் வழக்கு நடந்தது. ஆயினும் அவர் தம் பழைய பற்றையே அவையில் எடுத்து வைத்தார். நாவலரிடம் கண்ட அதே அனல் ஒரு காலத்தில் தம்மிடமும் எரிந்தது என்பதை உணர்ந்த ஒருவருக்கு, நாவலரை வெறுப்பது எங்ஙனம் கூடும்?

1874-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், தை மாதத்துப் பூச நாளில், அடிகளார் சித்தி வளாகத்து அறையினுள் சென்று கதவைத் தாழிட்டுக் கொண்டார். பின்னர் அவரை எவரும் கண்டிலர். 1878-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் குறிப்பு நூலில், ஆங்கிலேய அதிகாரியாகிய கார்ஸ்டின் என்பவரும் இச்செய்தியைப் பதிந்துள்ளார்.

அதற்குப் பின்

அடிகளார் மறைந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் கொடிய பஞ்சம் தென்னாட்டையும் யாழ்ப்பாணத்தையும் வாட்டிற்று. அப்போது யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டித் தருமம் நிறுவி, ஊர் மக்களிடம் பொருள் திரட்டி, பசித்தவர்க்குக் கஞ்சி வார்க்க ஏற்பாடு செய்தவர் வேறு எவரும் அல்லர், ஆறுமுக நாவலரே. அரசாங்க அதிகாரி பஞ்சத்தைப் பொருட்படுத்தாமல் இருந்ததையும் அவர் துணிந்து கண்டித்தார். வடலூர் அடுப்பும் நல்லூர்க் கஞ்சித்தொட்டியும் ஒன்றையொன்று அறிந்தனவோ இல்லையோ, பசித்து வந்தவனுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கும். நாவலர் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

தலைவர்கள் இருவரும் மறைந்த பின்னரும் பின்வந்தோர் பூசலை விடவில்லை. 1904-இல் நா. கதிரைவேற் பிள்ளை மருட்பா மறுப்பு நூலை வெளியிட, சென்னையில் கூட்டங்கள் கொதித்தன, மீண்டும் நீதிமன்றம், மீண்டும் சாட்சிகள். அப்போது அருட்பாவின் பக்கம் நின்று மேடை தோறும் முழங்கியவர்களுள் தலைசிறந்தவர் ஓர் இசுலாமியப் பெரும்புலவர். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில், அடிகளார் மறைந்த அதே 1874-ஆம் ஆண்டில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலரே அவர். ஒரு சைவ அருளாளரின் பாடல் அருட்பாவா அன்றா என்று சைவர் இருதரப்பாகப் பிரிந்து மோதிய வேளையில், ஓர் இசுலாமியர் அதனை அருட்பா என்று நிறுவ முன்வந்தமை அடிகளாரின் வாழ்வுக்கே உரிய வியப்பு.

கதிரைவேற் பிள்ளையின் மாணவர் ஒருவர் அவ்வழக்கில் ஆசிரியர் பக்கம் சாட்சி சொல்லச் சென்றார். அதனால் பள்ளியிறுதித் தேர்வு எழுதும் வாய்ப்பையும் இழந்தார். ஆசிரியரிடம் அவர் கொண்ட பற்று அத்தகையது. அந்த இளைஞர் பின்னாளில் தமிழ்த்தென்றல் எனப் புகழ்பெற்ற திரு.வி. கலியாணசுந்தரனார். ஆண்டுகள் பல கடந்தபின் அவர் அருட்பாவைத் தாமே அமர்ந்து கற்றார். கற்றவர், 1929-இல் இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம் என்னும் நூலை எழுதி, அடிகளாரைப் போற்றினார். ஆசிரியர் கதிரைவேற் பிள்ளையையும் அவர் இறுதிவரை நன்றியோடு போற்றியே வந்தார்.